பின் எக்ஸலில் கியர் ஒயில் கசிவு: மலைநாட்டு மொரிஸ் மைனருக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

அப்பா விட்டுச்சென்ற மொரிஸ் மைனரின் இடது பின் சில்லுக்கு இரண்டு வருடத்தில் மூன்று முறை ஒயில் சீலை, அதாவது ஒயிலை வெளியே விடாமல் தடுக்கும் வளையத்தை, மாற்றினேன். ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் காய்ந்து கிடக்கும். அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் கராஜ் தரையில் கறுப்பாக ஒரு வட்டம். நான்காவது சீல் வாங்கக் கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தைக்குப் புறப்படும் முன், எக்ஸல் குழாயின், அதாவது இரண்டு பின் சில்லையும் தாங்கும் அச்சுக் குழாயின், மேலே இருக்கும் பிரீதரை, அதாவது சின்ன மூச்சுத் துளையை, அம்மாவின் கொண்டை ஊசியால் குத்திப் பார்த்தேன். செம்மண்ணும் பழைய பெயின்டும் சேர்ந்து அது கல்லாகியிருந்தது. அடைப்பு விட்டதும் உள்ளே இருந்து "ஸ்ஸ்" என்று காற்று வந்தது. வண்டி அப்போதுதான் கினிகத்தேனையில் இருந்து ஏறி வந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சில்லு நனையவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கசிவைப் பார்த்தவுடன் எல்லோரும் சீலைத்தான் பழி சொல்கிறோம். மலைநாட்டில் பாதிக் கசிவுக்குக் காரணம் மூச்சடைப்பும், சரிவில் நிறுத்தி ஒயில் ஊற்றியதும்தான் என்பது என் அனுபவம். சீலைத் தொடுவதற்கு முன் அந்த இரண்டையும் பாருங்கள்.

இங்கே சொல்வது மொரிஸ் மைனர் 1000 வண்டியை வைத்து. ஒஸ்டின் ஏ35, ஏ40 பரீனா வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். எக்ஸல் ஒரே குடும்பம். கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட் போன்ற பெரிய வண்டிகளுக்கு முறை கிட்டத்தட்ட அதேதான், அளவுகள் வேறு.

வேலை தொடங்கும் முன் ஒன்று. மைனரின் கைப்பிரேக் பின் சில்லுகளில்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கி, டிரம்மைக் கழற்றிவிட்டால் வண்டிக்குக் கைப்பிரேக்கே இல்லை என்று அர்த்தம். நம் வீட்டு வாசலில் பாதி சரிவுதானே. முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் நல்ல மரக்கட்டை கொடுங்கள், உருண்டைக் கல் வேண்டாம். ஜெக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். எக்ஸலுக்குக் கீழே ஸ்டாண்ட் இருக்க வேண்டும். சமதரை கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு முற்றத்தையோ கோயில் வாசலையோ கேட்டு வாங்கிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

முதலில், அது கியர் ஒயில்தானா?

பின்பக்கம் சொட்டுவதெல்லாம் டிப்ரென்சல் ஒயில், அதாவது எக்ஸலின் நடுவில் இருக்கும் பல்லுச் சக்கரப் பெட்டியின் ஒயில், இல்லை. விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஒயில் தடிப்பாக, வழவழவென்று இருக்கும். அழுகிய முட்டையும் வெங்காயமும் கலந்த மாதிரி ஒரு கந்தக வாடை அடிக்கும். ஒரு முறை மோந்தால் பிறகு மறக்காது. பிரேக் ஒயில் மெல்லியது, தேன் நிறம், பெயின்டைத் தின்னும். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் எடுத்து அதில் ஒரு சொட்டு விடுங்கள். கியர் ஒயில் மேலே மிதக்கும். சாதாரண பிரேக் ஒயில் தண்ணீரோடு கரைந்துவிடும். கரைந்தால் எக்ஸலை விட்டுவிட்டு வீல் சிலிண்டரைப் பாருங்கள். சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஒயில் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு ஏமாற்றுக்காரன், ஷொக் அப்சோபர். மைனரின் பின் ஷொக் கை வைத்த பழைய மாதிரி, உள்ளே மெல்லிய ஒயில் இருக்கும். அது கசிந்தால் கை வழியாக இறங்கி, ஸ்பிரிங் தட்டில் தேங்கி, எக்ஸலின் அடியில் வந்து சொட்டும். பார்ப்பவர் "ஹப் சீல் போயிற்று" என்பார், சில்லின் நடுக்குடத்துச் சீலைத்தான் சொல்கிறார். எஞ்சின் ஒயிலும் கியர்பொக்ஸ் ஒயிலும்கூட ஓடும் காற்றில் பின்னால் அடிபட்டு டிப்ரென்சல் மேல் படியும். முன்னால் இருந்தே அடித்தகடு முழுக்க நனைந்திருந்தால் சந்தேகம் முன்பக்கம் போகட்டும்.

சரியான இடத்தைப் பிடிக்க ஒரே வழி கழுவுவதுதான். மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு எக்ஸல் முழுவதையும், பிரேக்கைத் தாங்கும் தகடான பெக் பிளேட் இரண்டின் உட்பக்கத்தையும் தேய்த்து, சோப்புத் தண்ணீர் விட்டு, நன்றாகக் காயவிடுங்கள். அதன் மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தாராளமாகத் தூவுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் பழுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். சொட்டு விழும் இடத்தைப் பார்க்காதீர்கள், கோட்டின் மேல் நுனியைப் பாருங்கள். ஒயில் ஓடி வந்து விழும், சரிவில் நின்றால் இன்னும் தள்ளிப் போய் விழும்.

மலையேறி வந்த பிறகு மட்டும் கசிகிறது, அல்லது இரண்டு மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் கசிகிறது

இது பிரீதர். வேறு எதையும் கழற்ற வேண்டாம், முதலில் இதைப் பாருங்கள்.

காரணம் எளிது. கொழும்பில் இருந்து புறப்பட்டு நுவரெலியாவுக்கு வந்தால் கிட்டத்தட்ட 1,868 மீட்டர் ஏறியிருப்பீர்கள். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எக்ஸலுக்குள் அடைபட்ட காற்று கொழும்புக் காற்றாகவே இருக்கிறது. மூச்சுத் துளை முழுதாக அடைத்திருந்தால் உள்ளே இருந்து வெளியே சுமார் 3 பிஎஸ்ஐ தள்ளும். றம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இழுத்து வரும்போது டிப்ரென்சல் வேறு சூடாகும், சூட்டுக்கு அழுத்தம் இன்னும் கூடும். இந்த வகை ஒயில் சீல் ஒயிலைத் தடுக்கச் செய்தது, காற்றழுத்தத்தைத் தாங்கச் செய்ததல்ல. எந்தச் சீலின் உதடு பலவீனமோ அந்த வழியாக ஒயில் வெளியே வரும். கீழே இறங்கும்போது இதே கதை தலைகீழாக நடக்கும்: வெளியில் இருக்கும் தூசியையும் தண்ணீரையும் சீல் வழியாக உள்ளே இழுக்கும்.

சமவெளியில் ஓடும் வண்டிக்கு இந்தத் துளை பாதி அடைத்தாலும் ஒன்றும் தெரியாது. நம் வண்டிக்குத் தெரியும்.

பிரீதரைக் கண்டுபிடிக்க எக்ஸல் குழாயின் மேல்பக்கத்தைக் கையால் தடவுங்கள். மண்ணும் கிரீசும் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தட்டுப்படும். சுற்றியுள்ள அழுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மண் உள்ளே விழும். கழற்ற முடிந்தால் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, வாயால் ஊதிப் பாருங்கள். காற்றுத் தடையில்லாமல் போக வேண்டும். எக்ஸலுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பவர்கள் பிரீதருக்கும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். என் வண்டிக்கு நடந்ததும் அதுதான். பெயின்ட் அடிக்கும் நாளில் அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, முடிந்ததும் மறக்காமல் எடுங்கள்.

இதே அறிகுறிக்கு இரண்டாவது காரணம் அளவுக்கு மேல் ஒயில். மைனர் எக்ஸலுக்கு ஒன்றரை பைன்ட், அதாவது 0.85 லீட்டர்தான் வேண்டும். ஒரு லீட்டர் போத்தல் வாங்கி வந்து "மிச்சம் எதற்கு" என்று முழுவதையும் ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். ஊற்றும் துளை எக்ஸலின் பின்முகத்தில் இருக்கிறது. துளையின் கீழ் விளிம்புதான் மட்டம். ஆனால் வண்டி சமமாக நின்றால்தான் அது மட்டம். மூக்குக் கீழே பார்க்கச் சரிவில் நிறுத்தினால் பின்னால் இருக்கும் துளை உயர்ந்துவிடும், நிரம்பி வழிவதற்குள் ஒயில் கூடிப்போகும். மூக்கு மேலே பார்த்தால் துளை தாழ்ந்து, அரை வயிற்றிலேயே வழிந்து உங்களை ஏமாற்றும். முதலாவதில் சீல் அழும், இரண்டாவதில் பல்லுச் சக்கரம் அழும்.

சமம் பார்க்க மேசன் பாஸ்மார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் போதும். கண்ணாடி மாதிரித் தெரியும் ரப்பர்க் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை முன் சில்லின் நடுவிலும் மற்றதைப் பின் சில்லின் நடுவிலும் பிடியுங்கள். பிறகு இடது வலது. வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த சில்லுக்குக் கீழே பலகை போட்டு ஏற்றுங்கள். ஓட்டி வந்தவுடன் பார்க்காமல் பத்து நிமிடமாவது விடுங்கள். துளையைத் திறந்து, ஊற்றி, வழிவது நின்று கடைசிச் சொட்டு விழும் வரை காத்திருந்து மூடுங்கள். நுவரெலியாக் குளிரில் அது தேன் இறங்குகிற மாதிரி இறங்கும், பொறுமை வேண்டும்.

ஒயில் எது என்று கேட்பவர்களுக்கு: டிப்ரென்சலில் இருக்கும் ஹைபொயிட் வகைப் பல்லுக்கான ஈபி (கடும் அழுத்தம் தாங்கும்) 90 அல்லது 80டபிள்யூ-90. மைனரின் கியர்பொக்ஸுக்கு ஊற்றுவது எஞ்சின் ஒயில். இரண்டையும் மாற்றி ஊற்றிவிடாதீர்கள். ஹைபொயிட் பல்லு எஞ்சின் ஒயிலில் அதிக நாள் தாங்காது. கசிகிறதே என்று இன்னும் தடிப்பான 140 ஒயிலுக்கு மாறுவதும் வைத்தியம் இல்லை. காலைக் குளிரில் அது பெயரிங்குகளுக்குப் போய்ச் சேரவே நேரமாகும், கசிவும் சூடானதும் திரும்ப வரும்.

ஒரு பக்கச் சில்லு மட்டும் நனைகிறது

இரண்டு கேள்வி. வண்டி தினமும் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது? இடது சில்லு வடிகால் பக்கம் தாழ்ந்து இரவு முழுக்க நின்றால் ஒயில் அந்தக் குழாய் வழியே போய் ஹப்பில் தேங்கும். நல்ல சீல் அதைத் தாங்கும், வயதான சீல் தாங்காது. ஒரு வாரம் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள். கசிவு மறு பக்கம் போனால் மட்டத்தையும் பிரீதரையும் மறுபடி பாருங்கள்.

இரண்டாவது கேள்வி, நனைவது சில்லின் வெளிமுகமா உள்முகமா? சில்லு நட்டுகளைச் சுற்றிச் சூரியக்கதிர் மாதிரி வெளிப்பக்கம் கோடு தெறித்திருந்தால், ஹப்புக்கும், சில்லைச் சுழற்றும் தண்டான ஷாப்டின் நுனித் தட்டுக்கும் இடையில் இருக்கும் காகித பெக்கிங்கோ ஓ-ரிங்கோ போய்விட்டது. டயரின் உட்பக்கமும் பெக் பிளேட்டின் அடியும் நனைந்து, வெளிமுகம் காய்ந்திருந்தால் ஹப்பின் பின்னால் இருக்கும் சீல். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் நல்ல சீலைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய பெக்கிங்கையே திரும்பப் போட்டவர்கள் நிறைய.

வெளிப்பக்கக் கசிவு என்றால், முதலில் சில்லு நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். இந்த எக்ஸலில் சில்லு நட்டுதான் டிரம், ஷாப்ட் தட்டு, ஹப் மூன்றையும் சேர்த்து அழுத்துகிறது. ஷாப்டில் இருக்கும் சின்னத் திருகாணி வெறும் பிடிமானத்துக்கு. நட்டு தளர்ந்திருந்தால் பெக்கிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஒயில் வரும்.

இறுக்கியும் நிற்காவிட்டால் டிரம்மைக் கழற்றுங்கள். பழைய பிரேக் தூசியில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். காற்றடித்தோ வாயால் ஊதியோ சுத்தம் செய்யாமல், ஈரத் துணியால் துடைத்துத் துணியை ஒரு பையில் கட்டிப் போடுங்கள். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது, சிலிண்டர் பிஸ்டன் துள்ளி வெளியே வந்துவிடும். நான் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன். வேலை செய்யும் பக்கத்தைக் கொஞ்சம் கூடத் தூக்கி வையுங்கள், ஒயில் மறுபக்கம் ஓடிவிடும், ஷாப்டை இழுக்கும்போது மடியில் கொட்டாது.

ஷாப்ட் வெளியே வந்ததும் பெயரிங்கின் முகம் தெரியும். இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். புதிய பெக்கிங்கை ஹப்பின் முகத்தில் வைத்து, ஓர் இரும்பு அடிமட்டத்தைக் குறுக்கே போடுங்கள். பெயரிங்கின் வெளி வளையம் பெக்கிங்கை விடத் துளி மேலே நிற்க வேண்டும்: 0.025 முதல் 0.10 மில்லிமீட்டர், பழைய கணக்கில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று முதல் நான்கு வரை. அப்போதுதான் ஷாப்ட் தட்டு பெயரிங்கையும் அழுத்திப் பிடிக்கும், பெக்கிங்கையும் நசுக்கும். என் வண்டியில் முன்பு யாரோ பழைய கலண்டர் மட்டையில் பெக்கிங் வெட்டிப் போட்டிருந்தார்கள். பெருமாள் படத்தின் ஒரு ஓரம் அதில் இன்னும் தெரிந்தது. வெட்டியது சுத்தமாகத்தான் இருந்தது, தடிப்புத்தான் தப்பு. மட்டை பெயரிங்கை விட உயரமாக நின்றதால் தட்டு மட்டையை மட்டும் அழுத்தியிருக்கிறது, பெயரிங்கை அழுத்தவில்லை. வளையம் ஹப்புக்குள் மெல்லச் சுற்றி, உள்முகத்தைக் கண்ணாடி போலத் தேய்த்துவிட்டது. கசிவுக்கு வைத்த மட்டை ஒரு ஹப்பையே கொண்டுபோய்விட்டது. அதனால் வண்டிக்கென்று வரும் மெல்லிய காகித பெக்கிங்கையே போடுங்கள், ஓ-ரிங் பள்ளம் இருந்தால் புதிய ஓ-ரிங்கும் போடுங்கள். சிலிக்கோனைத் தடிப்பாகப் பூசினாலும் கலண்டர் மட்டையின் வேலையைத்தான் அது செய்யும்.

உள்பக்கக் கசிவு என்றால் ஹப்பைக் கழற்ற வேண்டும். பூட்டுத் தகட்டின் மடிப்பை நிமிர்த்துங்கள். நட்டைத் திருப்பும் முன் மரையைப் பாருங்கள். இந்த எக்ஸல் குடும்பத்தில் இடது பக்கத்துக்கு இடது மரை வருவது உண்டு. உளி வைத்து அடித்து மரையை நாசமாக்கிய குழாய்களை நான் பார்த்திருக்கிறேன். சரியான சொக்கட்டை இரவல் வாங்குங்கள். ஹப்பைப் புல்லர் போட்டு இழுங்கள், பின்னால் இருந்து சுத்தியலால் அடிக்காதீர்கள்.

பழைய சீலை எடுக்கும் முன் அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஒயில் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. இந்த ஹப்பில் ஒயில் குழாயின் நுனி வழியே வெளியே வந்து, பெயரிங் வழியாகத் திரும்பிச் சீலுக்கு வருகிறது. ஆகவே ஸ்பிரிங் பக்கம் பெயரிங்கைப் பார்க்க வேண்டும். "உள்பக்கம்தானே ஒயில்" என்று டிப்ரென்சலைப் பார்க்கத் திருப்பிப் போட்டால் முதல் ஏற்றத்திலேயே ஒயில் வரும். சீலின் உதடு ஓடும் முகத்தை நகத்தால் வருடுங்கள். நகம் தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் புதுச் சீல் நிற்காது. உதட்டில் ஒயில் தடவி, தட்டையான மரக்கட்டையோ பழைய பெயரிங் வளையமோ வைத்து, சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

ஒயில் பட்ட பிரேக் ஷூ

இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஒயில் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் வாட்டி, உப்புத்தாள் போட்டுத் திரும்பப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரண்டு நாள் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறியதும் உள்ளே ஊறியிருந்த ஒயில் வியர்த்து மேலே வரும், ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கும். ஹப்புத்தளைப் பக்கமோ கடுகண்ணாவையிலோ நடு வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஷூக்களைப் புதிதாக மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் நனைந்திருந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் மாற்றுங்கள். டிரம்மை மட்டும் நன்றாகக் கழுவிப் பாவிக்கலாம், இரும்பு ஒயில் குடிக்காது. மாற்றும் வரை வண்டி கராஜிலேயே நிற்கட்டும்.

டிப்ரென்சலின் மூக்கு நனைந்து, மேல் தகட்டில் குறுக்கே கோடு

முன்னால் இருந்து சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டான புரொப்ஷாப்ட் வந்து சேரும் தட்டு சுற்றும்போது ஒயிலை விசிறியடிக்கும். அதனால் வண்டியின் அடித்தகட்டில், மூக்குக்கு நேர் மேலே, குறுக்காக ஒரு கறுப்புக் கோடு விழும். இதைப் பார்த்தால் பினியன் சீல், அதாவது மூக்கில் இருக்கும் சின்னப் பல்லுச் சக்கரத் தண்டின் சீல்.

கழற்றும் முன் தட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். அசைந்தால் பெயரிங் தேய்ந்திருக்கிறது, சீலை மட்டும் மாற்றினால் காசு வீண். புரொப்ஷாப்டின் யுனிவர்சல் ஜொயின்டையும் முறுக்கிப் பாருங்கள். அது தளர்ந்து அதிர்ந்தால் எந்தச் சீலும் அதிக நாள் தாங்காது.

எல்லாம் இறுக்கமாக இருந்தால், ஷாப்டின் தட்டிலும் பினியன் தட்டிலும் ஒரே கோடாகக் குறி வையுங்கள். நட்டு, தட்டு, பினியன் நுனி மூன்றிலும் சென்டர் பஞ்ச் என்ற இரும்புக் குத்தூசியால் ஒரு புள்ளி குத்துங்கள். நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணி எழுதுங்கள். இந்த நட்டின் இறுக்கம் சில டிப்ரென்சலில் பெயரிங்கின் அழுத்தத்தையே தீர்மானிக்கிறது. நீளக் குழாய் போட்டு "ஒரு இழு" இழுத்துவிட்டால் பிறகு ஊளையிடத் தொடங்கும். புள்ளிகள் சேரும் இடத்துக்கே திரும்ப வாருங்கள்.

தட்டின் கழுத்தில் சீல் ஓடிய இடத்தில் பள்ளம் இருக்கும், அநேகமாக நிச்சயம். நான் இரண்டு புதுச் சீல்களோடு லேத் வேலை செய்யும் அண்ணனிடம் போனபோது, அவர் சீலைப் பார்க்கவே இல்லை, தட்டை வாங்கி வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்தார். "தம்பி, சீலு புதுசு, அது ஓடுற பாதை பழசு" என்றார். பிறகு கழுத்தைக் கடைந்து, மெல்லிய வளையம் ஒன்றை இறுக்கி ஏற்றி, பழைய அளவுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அந்த வசதி இல்லாதவர்கள், இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழமாகவோ மேலாகவோ உட்கார வைக்கலாம். உதடு புதுப் பாதையில் ஓடும். தோல் சீல் கிடைத்தால் இரவு முழுக்க ஒயிலில் ஊறவைத்த பிறகே போடுங்கள், காய்ந்த தோல் முதல் மைலிலேயே கருகும்.

ஒன்றை எல்லோரும் விட்டுவிடுவார்கள். சீல் சரியாக இருந்தும் நட்டைச் சுற்றி ஈரம் வந்தால் ஒயில் தட்டின் உட்பல்லு வழியாக வருகிறது. தட்டைப் போடும்போது அந்தப் பல்லுகளிலும் வொஷரின் அடியிலும் கொஞ்சம் சீலன்ட் பூசினால் நின்றுவிடும்.

விசிறியடிக்காமல் அடியில் ஒரு சொட்டு தொங்குகிறது

இது அவசரமில்லாத கசிவு. டிப்ரென்சல் எக்ஸலோடு சேரும் முன்முகத்தின் பெக்கிங்காக இருக்கலாம். நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக ஒரு சுற்று இறுக்கி ஒரு மாதம் பாருங்கள். நிற்காவிட்டால் ஷாப்ட் இரண்டையும் வெளியே இழுத்து டிப்ரென்சலையே இறக்க வேண்டும், பெரிய வேலை. வேறு காரணத்துக்காக இறக்கும் நாள் வரைக்கும் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம்.

வடிகால் மூடி கசிந்தால் மரை கூம்பா நேரா என்று பாருங்கள். கூம்பு மரைக்கு வொஷர் தேவையில்லை, டெப்லொன் டேப் சுற்றி நிதானமாக இறுக்கினால் போதும். நேர் மரைக்குப் புதிய செப்பு வொஷர்.

மூடியும் பெக்கிங்கும் காய்ந்திருந்து, பின்பக்க உருண்டைத் தகட்டில் ஈரம் ஊறினால் அது துரு. மழைநாட்டு வண்டிக்கு வரும் வியாதி. கம்பித் தூரிகையால் தேய்த்தால் ஊசிமுனைத் துளை தெரியும். இரண்டு பசை சேர்த்துப் பிசையும் எபொக்சி ஒரு வருடம் தாங்கும். நிரந்தரம் வேண்டுமென்றால் ஒயிலை வடித்து, உள்ளே நன்றாகக் கழுவி, வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒயில் பால் தேத்தண்ணி நிறம்

தண்ணீர் சேர்ந்திருக்கிறது. சூடான எக்ஸல் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சட்டென்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்கு மழையில் ரோடு முழுக்க ஆறாக ஓடும் நாட்களில் இது நடக்கும். நல்ல ஒயில் பிளேன்டீ மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். பால் நிறம் கண்டால் அன்றே வடித்து, புதிதாக ஊற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஒரு முறை வடியுங்கள். பெயரிங் துருப்பிடித்த பிறகு செய்து பயனில்லை.

கசிவோடு சத்தமும் வருகிறது

ஓட்டுவதை நிறுத்தி முதலில் மட்டத்தைப் பாருங்கள். வேகம் எடுக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் மாறினால் பல்லு. எப்போதும் "ஊம்" என்று உறுமி, வளைவில் கூடிக் குறைந்தால் ஹப் பெயரிங். சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடும் பெயரிங்கின் மேல் புதுச் சீல் போடுவது ஓட்டைக் கூரைக்குக் கீழே பெயின்ட் அடிக்கிற மாதிரி. வடித்த ஒயிலில் காந்தம் விட்டுப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை வந்தால் வயது, பயப்பட வேண்டாம். விரலில் நெருடும் துண்டு வந்தால் டிப்ரென்சலைத் திறக்கத்தான் வேண்டும்.

வேலை முடிந்த பிறகு

ஊருக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பிரேக் பிடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு சில்லு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புதுப் பெக்கிங் படிந்து கொஞ்சம் தளரும். பிறகு பவுடர் பூசிய எக்ஸலோடு உண்மையான ஏற்றம் ஒன்று ஏறுங்கள். நான் கித்துல்கலைக்கு இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, ஹட்டனுக்கு நிறுத்தாமல் ஏறி வருவேன். வந்தவுடன் அடியில் ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரித்து, நாலு சில்லும் எங்கே நிற்கிறது என்று பேனாவால் அதில் குறித்துவிட்டுப் படுக்கப் போவேன். காலையில் மட்டை காய்ந்திருந்தால் பிரீதரை மட்டும் ஒரு முறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கைகழுவி, வேலைக்குக் கிளம்புவேன்.